மடியில் பிள்ளை, கையில் வேதம்: சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் குடும்ப ஜெபத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முழங்கால்படியிட்டு, கண்ணை மூடி, "கர்த்தாவே" என்று ஆரம்பித்த மறுநொடி முதுகில் ஒருத்தி ஏறி உட்கார்ந்தாள். "அப்பா யானை! யானை, போ!" எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபம் ஒரு வருஷத்துக்கு மேல் இப்படித்தான் நடந்தது. முதலில் அதட்டினேன். பிறகு கெஞ்சினேன். ஒருநாள் அலுத்துப்போய், யானையாகவே இருந்துகொண்டு நாலு வரி ஜெபம் பண்ணினேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக முதுகின் மேலிருந்து ஓர் "ஆமென்" கேட்டது.

ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் பிள்ளை இருக்கும் வீட்டுக்காக இதை எழுதுகிறேன். நான் போதகர் அல்ல, பிள்ளை வளர்ப்பில் பட்டம் வாங்கியவனும் அல்ல. தப்பாகச் செய்து, திருத்தி, மறுபடி செய்து பார்த்ததில் தேறியவை இவை.

முதல் படி: நீளத்தை விட்டுவிடுங்கள்

குடும்ப ஜெபம் என்றதும் நம்மில் பலர் மனதில் ஒரு படம் வரும். பெரியவர் ஒரு முழு அதிகாரம் வாசிப்பார். பாட்டில் எல்லாச் சரணமும் உண்டு. ஆளுக்கொரு ஜெபம். நடுவில் தூங்கி விழும் பிள்ளைக்கு ஒரு கிள்ளு. அந்தப் படத்தைக் கழற்றி வைப்பதுதான் முதல் வேலை.

உபாகமம் 6:7 பெற்றோருக்கான வசனம் என்று எல்லோருக்கும் தெரியும். அதில் நேரம் எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்: வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோது, வழியில் நடக்கிறபோது, படுத்துக்கொள்ளுகிறபோது, எழுந்திருக்கிறபோது. நாலும் எந்த வீட்டிலும் எப்படியும் நடக்கிறவை. புதிதாக ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே இருக்கும் நேரத்துக்குள் பேச்சை வைக்கத்தான் சொல்கிறது.

சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசமும் இதே வழியில்தான் போகிறது. குடும்பத்தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாகச் சொல்லிக்கொடுக்கும்படி அமைந்த நூல் அது. காலை ஜெபமும் இரவு ஜெபமும் சில வரிகள்தான். இரவு ஜெபம் முடிந்ததும் உடனே மகிழ்ச்சியோடு தூங்கப் போகச் சொல்கிறார். அந்த "உடனே" எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

என் கணக்கு இது. ஒரு வயதில் ஒரு நிமிடம். இரண்டு, மூன்று வயதில் மூன்று நான்கு நிமிடம். நாலு வயது தாண்டினால் பத்து. "இன்னும் கொஞ்சம்" என்று பிள்ளை கேட்கும்போது முடித்துவிட வேண்டும், "போதும்" என்று சொல்லும் வரை இழுக்கக் கூடாது.

இரண்டாம் படி: காலையில் ஒரே ஒரு வாக்கியம்

காலை நேரம் போர்க்களம். அதில் வேதபாடம் நடத்தப் பார்க்காதீர்கள். பிள்ளை கண் விழிக்கும்போது காதில் விழும் முதல் பேச்சு மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும். "எழுந்திரு, நேரமாச்சு" என்று தொடங்காமல், "இயேசப்பா நமக்கு இன்னொரு நாள் குடுத்திருக்கார், பாரு" என்று சன்னலைத் திறந்து காட்டுங்கள். அதன்பிறகு நேரமாச்சு என்று கத்திக்கொள்ளலாம், தடையில்லை.

மூன்றாம் படி: சாப்பாட்டு ஜெபத்தைப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள்

ஒரு நாளில் மூன்று முறை வருவது இது. அதனால் பழக்கம் பிடிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. இரண்டு வயதிலேயே "யார் ஜெபம் பண்றது?" என்ற கேள்வியைப் பிள்ளையிடம் கேட்டுவிடுங்கள். "தேங்க்யூ இயேசப்பா, ஆமென்" என்றால் அது முழு ஜெபம். நீங்கள் பின்னால் ஒட்டுப்போட வேண்டியதில்லை.

கண்ணை மூடவில்லை என்று குறை சொல்லாதீர்கள். (எங்கள் மகள் ஒருமுறை, "அப்பா கண்ணை மூடல!" என்று ஜெபத்தின் நடுவே புகார் செய்தாள். அது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.) கையைக் கோத்துக்கொள்வது உதவும். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், கோத்த கை தட்டுக்குள் போகாது.

தட்டில் இருப்பது எங்கிருந்து வந்தது என்று எப்போதாவது பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். சமைத்தது யார், சுமந்து வந்தது யார், விளைவித்தது யார், மழை தந்தது யார். நாலு வயதுப் பிள்ளைக்கு இந்தச் சங்கிலி பெரிய விளையாட்டு. முடிவில் எப்போதும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும் என்று அதற்கு முன்கூட்டியே தெரியும், அதில்தான் அதற்குச் சிரிப்பு.

நான்காம் படி: வழியில் நடக்கிறபோது

ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால், "உள்ளே இருக்கிறவங்களைச் சுகமாக்குங்க இயேசப்பா" என்று ஒரு வரி. நிலா தெரிந்தால் ஒரு நன்றி. யாராவது அழுதுகொண்டு போனால், "அவங்களுக்காகச் சொல்லலாமா?" இவ்வளவுதான். கண்ணை மூடாமலும் ஜெபிக்கலாம், நடந்துகொண்டும் ஜெபிக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடமும் சொல்லித் தராது.

ஒரு எச்சரிக்கை: எல்லாவற்றையும் பாடமாக்கிவிடாதீர்கள். எறும்பைப் பார்த்தால் எறும்பைப் பார்க்கட்டும். நீதிமொழிகளில் எறும்பைப் பற்றி இருக்கிறது என்று உடனே ஆரம்பித்தால், அடுத்தமுறை எறும்பை உங்களிடம் காட்டாது.

ஐந்தாம் படி: இரவு, பத்து நிமிடம்

நாளின் நடு முடிச்சு இதுதான். பாட்டு, கதை, வசனம், ஜெபம், ஆசீர்வாதம் என்ற வரிசையை மாற்றாதீர்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதுதான் சின்னப் பிள்ளைக்கு அமைதி.

*பாட்டு.* ஒரே பாட்டை மாதக்கணக்கில் பாடுங்கள். அலுப்பு உங்களுக்குத்தான் வரும், அவர்களுக்கு வராது. கையசைவு இருந்தால் நல்லது, சத்தம் இருந்தால் இன்னும் நல்லது. 150-ஆம் சங்கீதத்தில் வாத்தியங்களை அடுக்கிக்கொண்டே போகிறவர் ஓசையுள்ள கைத்தாளம் என்று ஒருமுறை சொல்லிவிட்டு, பேரோசையுள்ள கைத்தாளம் என்று மறுமுறையும் சொல்கிறார். அவர் வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருந்திருக்க வேண்டும் என்பது என் சந்தேகம். பாத்திர மூடி இரண்டைக் கொடுத்துவிடுங்கள். ஒன்றே ஒன்று: சத்தமான பாட்டு முதலில், மெதுவான பாட்டு கடைசியில். மாற்றிச் செய்தால் நள்ளிரவு வரை விழித்திருப்பீர்கள்.

*கதை.* வாசிக்காதீர்கள், சொல்லுங்கள். ஆனால் வேதாகமம் மடியில் திறந்தே இருக்கட்டும். இது அப்பா கட்டிய கதை அல்ல, இந்தப் புத்தகத்திலிருந்து வருகிறது என்று பிள்ளை கண்ணால் பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஒரே கதை போதும். திங்களன்று நீங்கள் சொல்வீர்கள். வியாழனன்று அது உங்களைத் திருத்தும். சனியன்று அதுவே சொல்லும்.

எந்தக் கதையில் தொடங்குவது? காணாமல்போன ஆட்டில் தொடங்குங்கள். போர்வைக்குள் ஒளிந்துகொள்வது ஆடு, தேடுவது மேய்ப்பன். தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வீடு திரும்புவதோடு கதை முடியும். நூறு ஆடு என்றால் எவ்வளவு என்று தெரியாத வயதிலும், தன்னைத் தேடுகிறார்கள் என்பது என்னவென்று அதற்கு நன்றாகத் தெரியும். அடுத்தது ஐந்து அப்பமும் இரண்டு மீனும். நாலு சுவிசேஷங்களிலும் வரும் அற்புதம் இது. ஆனால் அந்த அப்பம் ஒரு பையனிடம் இருந்தது என்று சொல்வது யோவான் மட்டும் (6:9). பிள்ளைகளுக்குச் சொல்லும்போது யோவான் பக்கம் போய்விடுங்கள். பிறகு மரத்தில் ஏறிய சகேயு, இரவில் தன் பெயர் சொல்லிக் கூப்பிடக் கேட்ட சாமுவேல், யவீருவின் மகள். அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்ணை எழுப்பிய கையோடு இயேசு, அவளுக்கு ஏதாவது சாப்பிடக் கொடுங்கள் என்று சொன்னதாக மாற்கு எழுதுகிறார் (5:43). என் மகளுக்கு அந்தக் கதையில் உயிர்த்தெழுந்த பகுதியைவிடச் சாப்பிடச் சொன்ன பகுதிதான் முக்கியம். யோசித்துப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் ஆகிவிட்டது.

சில கதைகள் காத்திருக்கட்டும். ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போனதும், ஏரோது குழந்தைகளைக் கொன்றதும் இந்த வயதுக்கு இல்லை. நோவாவின் பேழையை எல்லோரும் மிருகக் கதையாக நினைத்துச் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். "வெளியே இருந்தவங்க என்ன ஆனாங்க?" என்ற கேள்வி நாலு வயதில் வந்தே தீரும். பதில் யோசித்து வைத்துவிட்டுச் சொல்லுங்கள். சிலுவையை மறைக்க வேண்டாம். ஆனால் வெள்ளிக்கிழமையோடு நிறுத்தி விளக்கணைக்காதீர்கள். கல்லறை காலியாக இருந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையையும் அதே இரவில் சொல்லிவிட வேண்டும்.

எந்த மொழியில் சொல்வது என்று தடுமாறினால் லூத்தரை மறுபடி கூப்பிடலாம். 1530-இல் சபையின் எதிர்காலமே ஆடிக்கொண்டிருந்த மாதங்களில், கோபுர்க் கோட்டையில் தங்கியிருந்தபடி அவர் தன் நாலு வயது மகன் ஹான்சுக்கு ஒரு கடிதம் எழுதினார். பரலோகத்தைப் பற்றிய கடிதம்தான். ஆனால் அதில் இருப்பது ஓர் அழகான தோட்டம், பழங்கள், பொன் கடிவாளம் போட்ட குட்டிக் குதிரைகள், ஜெபிக்கப் பிரியப்படும் பிள்ளைகள். பெரிய வேத அறிஞர் தன் பிள்ளைக்காகக் குதிரைக்குட்டி வரை இறங்கி வந்திருக்கிறார். நாமும் வரலாம்.

*வசனம்.* மாதத்துக்கு ஒன்று போதும். "தேவன் அன்பாகவே இருக்கிறார்" (1 யோவான் 4:8), "இயேசு கண்ணீர் விட்டார்" (யோவான் 11:35), "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" (சங்கீதம் 56:3). கடைசி வசனம் இருட்டுக்கும் இடிக்கும் ஊசிக்கும் உடனே பயன்படும், அதனால் சீக்கிரம் பதியும். பழைய தமிழ் புரியாதே என்று கவலைப்பட்டு வசனத்தை மாற்ற வேண்டாம். ஓசை முதலில் வரும், பொருள் பிறகு வரும். எங்கள் வீட்டில் ஆறு மாதம் "கர்த்தர் என் பேப்பராயிருக்கிறார்" என்றுதான் 23-ஆம் சங்கீதம் ஓடியது. நாங்கள் திருத்தவில்லை. காணாமல்போன ஆட்டின் கதை வந்த வாரத்தில் அவளே திடுக்கிட்டு, "மேய்ப்பர்!" என்றாள்.

*ஜெபம்.* மூன்று சொல் போதும்: நன்றி, மன்னியுங்கள், தாருங்கள். உங்கள் வீட்டுப் பேச்சில் அது தேங்க்யூ, ஸாரி, ப்ளீஸ் என்று இருந்தாலும் சரி. இன்று எதற்கு நன்றி, எதற்கு மன்னிப்பு, யாருக்காகக் கேட்க வேண்டும் என்று கேளுங்கள், சொல்வதை அப்படியே விடுங்கள். பல்லிக்காக ஜெபம் வரும். தொலைந்த செருப்புக்காக வரும். பிடிக்காத மாமாவுக்காக வராது. பிள்ளையின் ஜெபத்தைத் திருத்தவே கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அவரிடம் பேசும்போது இலக்கணம் பார்க்க ஆரம்பித்தால் அப்புறம் பேச்சு நம்மிடம்தான் இருக்கும், அவரிடம் இருக்காது.

*ஆசீர்வாதம்.* மற்றவை எல்லாம் விட்டுப்போனாலும் இதை விடாதீர்கள். தலையில் கைவைத்து எண்ணாகமம் 6:24: "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்." நேரமிருந்தால் 26 வரை. 1979-இல் எருசலேமின் ஒரு பழைய கல்லறையில் விரலளவுகூட இல்லாத இரண்டு வெள்ளிச் சுருள்களைக் கண்டெடுத்தார்கள். பிரித்துப் படித்தபோது உள்ளே பொறித்திருந்தது இந்த ஆசீர்வாதத்தின் வரிகள். ஏறக்குறைய 2,600 வருஷம் பழமையானவை. இன்று கையில் கிடைக்கும் வேதவரிகளில் இவற்றைவிடப் பழைய எழுத்து வேறு இல்லை. அன்றைக்கு யாரோ உடம்போடு ஒட்டிச் சுமந்த வரியைத்தான் இன்று தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஒரு சின்னத் தலைமேல் வைத்துச் சொல்கிறீர்கள்.

ஆறாம் படி: கேள்விகளுக்கு இடம் விடுங்கள்

பிள்ளைகள் கேள்வி கேட்கும் என்பதை வேதம் முன்னமே எதிர்பார்க்கிறது. பஸ்காவைப் பற்றிச் சொல்லும்போதே, இதன் கருத்து என்னவென்று உங்கள் பிள்ளைகள் கேட்டால் என்று வருகிறது (யாத்திராகமம் 12:26). யோர்தானிலிருந்து 12 கற்களை எடுத்து வைத்ததும், பிற்காலத்தில் பிள்ளைகள் பார்த்துவிட்டு இது ஏன் என்று கேட்பதற்காக (யோசுவா 4:6). வேண்டுமென்றே கேள்வியைக் கிளப்பும் ஒரு பொருளை நடுவில் வைத்திருக்கிறார்கள்.

அதை அப்படியே செய்யலாம். ஒரு பெட்டி, சில கூழாங்கற்கள். நன்றி சொல்லத்தக்க ஏதாவது நடந்தால் ஒரு கல்லில் தேதியை எழுதிப் போடுங்கள். காய்ச்சல் விட்ட நாள், தம்பி பிறந்த நாள், தொலைந்த செருப்பு கிடைத்த நாள். பிள்ளை கல்லை எடுத்து, "இது என்ன?" என்று கேட்கும்போதெல்லாம் கதை சொல்லுங்கள். மூன்று வயதுக்குள் என்றால் வாய்க்குள் போக முடியாத அளவுக் கல்லாகப் பாருங்கள்.

கடினமான கேள்வியும் வரும். "இயேசப்பா ஏன் எனக்குத் தெரியலை?" "பாட்டிக்காக ஜெபம் பண்ணோமே, ஏன் செத்துட்டாங்க?" இதற்குப் பளபளப்பான பதில் தேடாதீர்கள். "அப்பாவுக்கும் தெரியலை. அப்பாவுக்கும் அழுகை வருது. இயேசப்பாவும் அவர் சிநேகிதன் செத்தப்ப அழுதார்" என்பது உண்மை, போதுமான உண்மையும்கூட. இறந்தவரைப் பற்றி, "தூங்குறாங்க" என்று சொல்ல வேண்டாம் என்பேன். வேதத்தில் அந்தச் சொல் இருக்கிறது, தெரியும். ஆனால் அதைக் கேட்ட பிள்ளை அன்றிரவு தூங்கப் பயப்படும்.

ஏழாம் படி: கோபம் வந்த நாளில்

இதைத்தான் நான் மிகத் தாமதமாகக் கற்றேன்.

முதலில் ஒரு பேச்சை வீட்டைவிட்டே விரட்டுங்கள்: "இப்படிப் பண்ணா இயேசப்பா அடிப்பார்." பிள்ளையை அடக்கக் கைக்கு எட்டிய ஆயுதமாக அவரை எடுத்துக்கொள்கிறோம். சுவிசேஷத்தைப் பாருங்கள். பிள்ளைகள் விஷயத்தில் அவர் விசனமடைந்த இடம் ஒன்று உண்டு. பிள்ளைகள்மேல் அல்ல, அவர்களைத் தடுத்த பெரியவர்கள்மேல் (மாற்கு 10:14). அடுத்து அவர் செய்தது பிள்ளைகளை அணைத்துக்கொண்டது. நாம் சொல்லித் தர வேண்டிய முகம் அது.

அடுத்தது, நாம் தவறும்போது. ஒருநாள் தரையில் தண்ணீர் கொட்டியதற்கு நான் போட்ட சத்தத்தில் மகள் நடுங்கிப்போனாள். குற்றம் தண்ணீரில் இல்லை, அலுவலகத்திலிருந்து நான் சுமந்து வந்த எரிச்சலில் இருந்தது. இரவு ஜெபத்தில் பொத்தாம்பொதுவாக, "எங்கள் பிழைகளை மன்னியும்" என்று ஒப்பேற்றப் பார்த்தேன். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து, பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, "அப்பா கத்துனது தப்பு. நீ செஞ்சது சின்ன விஷயம். என்னை மன்னிச்சிடு, பாப்பா" என்றேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி. இப்ப இயேசப்பாகிட்டயும் சொல்லு" என்றாள்.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொன்னால்: கோபம் தணியும் வரை காத்திருங்கள். உட்கார்ந்து கண்ணுக்கு நேராகப் பேசுங்கள். என்ன செய்தீர்கள் என்று பெயர் சொல்லுங்கள். "ஆனா நீயும்" என்று ஆரம்பிக்காதீர்கள், அந்த "ஆனா" வந்தால் மன்னிப்புக் கேட்டது ரத்து. உடனே மன்னிக்கும்படி வற்புறுத்தாதீர்கள். பிறகு சேர்ந்து ஜெபியுங்கள். இதைப் பார்த்து வளரும் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி நீங்கள் மல்லுக்கட்ட வேண்டிவராது.

எட்டாம் படி: ஞாயிறும் பண்டிகையும்

ஆராதனையில் பின்வரிசைக்குப் போகாதீர்கள், முன்வரிசையில் உட்காருங்கள். பின்னால் உட்கார்ந்தால் பிள்ளைக்குத் தெரிவதெல்லாம் முதுகுகள்தான். "இப்ப எல்லாரும் நிப்போம், பாட்டு வரும்" என்று காதில் சொல்லிக்கொண்டே இருங்கள். வீறிட்டால் வெளியே போய்த் திரும்பி வாருங்கள். திரும்பி வருவது முக்கியம்.

பண்டிகைகளில் காத்திருப்பதுதான் பிள்ளைக்குப் பாதிக் கொண்டாட்டம். கிறிஸ்துமஸ் எப்போது என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக 1839-இல் ஹாம்பர்க்கில் யோஹான் ஹின்ரிக் விக்கர்ன் என்ற போதகர் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை அடுக்கினார். வாரநாளுக்குச் சின்னது, ஞாயிறுக்குப் பெரியது. நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறும் வர்த்தி ஏற்றும் அட்வென்ட் வளையத்தின் தொடக்கம் இதுதான். வீட்டில் நாலு ஞாயிறுக்கு நாலு வர்த்தி போதும். ஏற்றுவது பெரியவர், ஊதி அணைப்பது பிள்ளை.

எதுவும் நடக்காத நாளில்

காய்ச்சல், விருந்தாளி, பயணம், அல்லது வெறும் அலுப்பு. அன்றைக்குத் தலையில் கை, ஒரு வரி ஆசீர்வாதம், அவ்வளவுதான். நேற்று விட்டதை இன்று சேர்த்துச் செய்ய வேண்டாம்.

துணை இல்லாமல் தனியாக வளர்க்கிறவர்களும், துணைக்கு விசுவாசத்தில் ஈடுபாடு இல்லாதவர்களும், "குடும்ப" ஜெபம் நமக்கு எப்படி என்று தயங்குவது உண்டு. தீமோத்தேயுவின் அப்பா கிரேக்கர் (அப்போஸ்தலர் 16:1). அவனுடைய விசுவாசத்தைப் பற்றிப் பவுல் எழுதும்போது வருகிற பெயர்கள் பாட்டி லோவிசாளும் அம்மா ஐனிக்கேயாளும் (2 தீமோத்தேயு 1:5). ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் இருந்தால் போதும், ஆரம்பிக்கலாம்.

எங்கள் யானைக்காரிக்கு இப்போது ஐந்து வயது. முதுகில் ஏறுவதை நிறுத்திவிட்டாள். நான் முழங்கால்படியிட்டதும் தன் துணிப்பொம்மையை என் முதுகில் உட்கார வைத்து, அதன் வாயில் விரல் வைத்து, "ஷ்ஷ்... யானை ஜெபம் பண்ணுது" என்கிறாள்.